இசையும் கவிதையும்: மிகயீல் குஸ்மின்

1872-இல் ரஷ்யாவின் யாரோஸ்லாவில் நகரில் பிறந்த மிகயீல் குஸ்மின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவிடம் பயின்று, தாம் எழுதிய பாடல்களுக்குத் தாமே மெட்டமைத்து, நண்பர் அவைகளில் பியானோ வாசித்தபடி பாடிக்காட்டிய பின்னரே கவிஞராகப் புகழ்பெற்றார். 1906-இல் நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் மேடையேற்றிய, கவிஞர் பிளோக்கின் நாடகத்துக்கு இசையமைத்த அவர், பண்டைய அலெக்சாந்திரியா நகரைக் களமாகக் கொண்ட ‘அலெக்சாந்திரியப் பாடல்கள்’ தொகுதியை, யாப்புக்கும் இயைபுக்கும் கட்டுப்படாத புதுக்கவிதை வடிவில் படைத்தார். சொற்சிக்கனமும் ஒழுங்கான கட்டமைப்பும் எழுத்துக்கு இன்றியமையாதவை என்னும் ‘அழகிய தெளிவு’ கொள்கையை 1910-இல் எழுதிய கட்டுரையில் அவர் முன்வைத்தார். 1929-இல் இறுதிக் கவிதைத் தொகுதி வெளிவந்தபின், மொழிபெயர்ப்புகளால் வாழ்க்கையை நடத்திய குஸ்மின், 1936-இல் லெனின்கிராட்டில் மறைந்தார்.