தேக்காவின் மஞ்சள் வெள்ளரி: வீட்டுக் கொல்லையில் பயிரிடும் முறை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடுமிடத்தில் தேக்கா நிலையம் அமைந்துள்ளது. சாலையின் மறுபுறத்தில் 1915ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த பழைய சந்தைக்கு மாற்றாக 1982இல் இது திறக்கப்பட்டது. இங்கும், அருகிலுள்ள பஃபலோ சாலைக் கடைகளிலும் முருங்கைக்காய், வாழைப்பூ, கொத்தவரை ஆகியவற்றினிடையே பொன்னிறமான ஒரு காயைக் காணலாம். சில உருண்டையாக இருக்கும். சில நீண்டு பருத்திருக்கும். மேலே பச்சைக் கோடுகளோ புள்ளிகளோ ஓடும். புதிதாகக் காண்போர் பழமென்று எண்ணுவதுண்டு. ஆயினும் இது சமைத்து உண்ணும் வெள்ளரியே.

ஆந்திர மக்கள் உருண்டை வகையைத் தோசகாய என்பர். பருப்புடன் வேகவைப்பதும் கடுகுப்பொடியிட்டு ஊறுகாய் போடுவதும் அவர்கள் வழக்கம். நீண்ட வகை மலையாளிகளின் கணிவெள்ளரி. சித்திரை விஷு நாளன்று விடியலில் கண்விழித்துக் காணும் கணித் தட்டில் கொன்றைப் பூவுடன் இதுவும் இடம்பெற வேண்டும். கன்னட நாட்டில் இதனைச் சாம்பாரில் இடுவர். தமிழ்க் கடைக்காரர் சாம்பார் வெள்ளரி என்றே கூறிவிடுவார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகள் பெருந்தொகையினராகப் பணியாற்றிய நகரம் சிங்கப்பூர். ஆகவே இக்காய்க்கு அங்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. நம் தோட்டங்களிலும் தெலுங்கரும் மலையாளிகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். எனினும் லயத்துக் கொல்லைகளில் இக்கொடி அரிதாகவே தென்படுகிறது.

இதனை ஏன் பயிரிட வேண்டும் என்று கேட்கலாம். சாதாரணப் பச்சை வெள்ளரி பறித்த ஓரிரு வாரத்தில் வாடி அழுகும். மஞ்சள் வெள்ளரியோ நன்கு முற்றிய பின் காம்புடன் பறிக்கப்பட்டால் பல வாரங்கள், நல்ல காற்றோட்டமிருந்தால் மாதக்கணக்கிலும் கெடாதிருக்கும். குளிர்ப்பெட்டி தேவையில்லை. கேரளத்தில் வாழைநாரினால் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவர். அடைமழையால் மரம் வெட்ட இயலாமல் வருமானம் குறையும் மாதங்களில், கூரையின் கீழ் தொங்கும் பத்துக் காய்கள் குடும்பத்திற்கு எத்துணை உதவி என்பதைத் தோட்டத்து இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாவர நூலார் இதனை முலாம்பழத்தின் இனமாகவே வகைப்படுத்துகின்றனர். பச்சை வெள்ளரியின் உயிரணுவில் 14 குரோமோசோம்களும் இதன் உயிரணுவில் 24 குரோமோசோம்களும் உள்ளமையால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எனவே பச்சை வெள்ளரியின் பக்கத்திலேயே இதனை நட்டு, அச்சமின்றி விதை எடுக்கலாம். முலாம்பழமோ வெள்ளரிப்பழமோ அருகில் பூத்திருந்தால் மட்டும் கலப்பு நேரும்.

இனி நடும் முறையைக் காண்போம். முதலில் இடம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேரடி வெயில் விழ வேண்டும். முதிர்ந்த பால்மரத்தின் நிழலில் இக்கொடி இலை விடுமேயன்றிக் காய்க்காது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பலர் காணும் தோல்விக்கும் இதுவே முதற்காரணம். தாழ்வாரத்தில் கொடி செழித்து வளர்ந்தும் காய் பிடிப்பதில்லை. ஏனெனில் அங்கே வெயில் ஒரு மணி நேரமே எட்டிப் பார்க்கிறது. அத்துடன் தாழ்வாரத்தில் தீ விபத்தின்போது மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகல வழி விட்டாக வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆதலால் அந்நகரின் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தையும், பின்னர் பூங்காக்களில் வாடகைக்கு விடும் சிறு பாத்திகளையும் பலர் நாடுகின்றனர். அப்பாத்தியின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். அந்தச் சிறு இடத்திற்காக அவர்கள் வரிசையில் காத்திருக்கின்றனர். லயத்தின் பின்புறம் நமக்குள்ள நிலத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் வசதி விளங்கும். மறுநடவு செய்த நிலத்தில் இளங்கன்றுகளின் நிரைகளுக்கிடையேயும் பயிரிடலாம். ஆனால் நிருவாகத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே அதில் இறங்க வேண்டும்.

அடுத்தது மண். பால்மரம் புளிப்பு மண்ணைத் தாங்கும், வெள்ளரி தாங்காது. ஆகவே நடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகக் குழியொன்றுக்கு இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூளைக் கலந்து வைத்தல் நலம். குழி 60 சென்டிமீட்டர் அகலமும் 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கட்டும். குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர் இடைவெளி தேவை. நன்கு மக்கிய ஆட்டெரு அல்லது மாட்டெருவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்புக. தொட்டியில் வளர்ப்போர் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியைத் தெரிந்தெடுத்து, ஒரு தொட்டிக்கு ஒரே கொடி வைக்கவேண்டும்.

தொட்டி என்றதும் ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லி வந்த காலிப் பீப்பாய்களைக் கழுவிச் செடி வைக்கும் பழக்கமும், நீர் பிடித்து வைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சின் எச்சம் முழுவதும் நீங்கிவிட்டதென்று நம்பவியலாது. பாராகுவாட் மருந்து மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. பழைய பீப்பாய் எங்கேனும் மூலையில் கிடந்தால் அது இன்னும் ஆபத்தானதே. உண்ணும் பொருளை அதில் வளர்த்தல் கூடவே கூடாது. மேலும் வெள்ளரிக் குடும்பக் கொடிகளுக்குக் களைக்கொல்லியின் சாரல் காற்றில் வந்து பட்டாலே இலை சுருண்டுவிடும். ஆகவே மருந்து தெளிக்கும் நிரைக்கு அருகில் நடாதிருத்தல் அறிவுடைமை.

விதைக்கும் காலமும் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும். அப்பொழுது நட்டால் வேர் அழுகும். இலைகளில் அடிச்சாம்பல் நோய் பரவும். பிப்ரவரி சிங்கப்பூரில் மழை குறைந்த மாதம். ஜனவரி இறுதியில் விதைத்தால் கொடி படரும் நாளில் வெயில் கிடைக்கும். காய் பொன்னிறம் அடைவதற்கு ஏறத்தாழ எழுபது, எண்பது நாளாவதால் சித்திரைப் புத்தாண்டுக்கும் விஷுவுக்கும் சரியாக வந்து சேரும்.

விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் குழிக்கு நான்கைந்தாக இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுக. ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். இரண்டு வாரம் கழித்துத் திடமான மூன்று நாற்றுகளை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியவற்றை அகற்றலாம். பிடுங்க மனம் வராது. ஆனால் ஐந்து கொடியும் இருந்தால் ஐந்தும் நலியும். கொடி தரையிலேயே படரும். மழைமிகுந்த நம் நாட்டில் காய்களுக்கடியில் காய்ந்த லாலான் புல்லையோ தென்னோலையையோ பரப்பினால் மண்ணில் பட்டு அழுகாது.

கொடியில் முதலில் தோன்றுபவை ஆண் பூக்கள். அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. சில நாள் கழித்து, இதழின் கீழே சிறு பிஞ்சுடன் கூடிய பூக்கள் தோன்றும். தோட்டப்புறங்களில் தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்துவிடும். சிங்கப்பூரில் பத்தாவது மாடியில் வளர்ப்போர் அப்பணியைத் தாமே செய்கின்றனர்: காலையில் விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பிஞ்சுள்ள பூவின் நடுவில் மெல்லத் தடவுதல். மழை தொடர்ந்து தேனீ வராத நாட்களில் நாமும் இதனைச் செய்யலாம். மரம் வெட்டச் சென்றவர் திரும்பும்போது வெயில் ஏறிப் பூ வாடியிருக்கும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இவ்வேலையை ஒப்படைத்தல் நன்று.

பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் பழைய செய்தித்தாளில் உறை செய்து மாட்டுக. பழ ஈ இளங்காயைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு நெளியும். உறையொன்றே இதற்குச் சிறந்த காப்பு. மருந்தடிக்கும் தேவையே வராது. துளைபட்டு விழுந்த காய்களை அப்படியே விடாது ஆழப் புதைத்தல் வேண்டும். இலையைத் தின்னும் சிவப்பு வண்டுகளை விடியலில், அவை சோம்பியிருக்கும் வேளையில், கையால் பிடித்து அழிக்கலாம். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். மரத்தில் கவிழ்க்காமல் விட்ட பால் கிண்ணத்துக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் வீட்டில் கொசுப் புழு காணப்பட்டால் அபராதமே விதிக்கின்றனர்.

காய் முழுவதும் பொன்னிறமாகிக் கொடியின் அடி இலைகள் பழுக்கும்போது இரண்டு அங்குலக் காம்புடன் அறுத்தெடுக்கவும். குழிக்கு மூன்று கொடி, கொடிக்கு மூன்று காய், காய் ஒன்று ஒரு கிலோ என்று கொண்டாலும் ஒரு குழியில் ஒன்பது கிலோ ஆகும்.

சமைக்குமுன் ஒவ்வொரு காயிலும் ஒரு சிறு துண்டை நுனிநாவில் வைத்துப் பார்ப்பது ஆந்திர வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். இது வெறும் சம்பிரதாயமன்று. சில காய்கள் கடுங்கசப்பாக இருக்கும். அக்கசப்புப் பொருள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நச்சுத்தன்மை உடையது, வேகவைத்தாலும் நீங்காது. பாகற்காயின் கசப்பைப் போன்றதென்று எண்ணி உப்பும் புளியும் கூட்டிச் சமாளிக்க முயல வேண்டாம். கசந்த காயைத் தயங்காது எறிந்துவிட வேண்டும். அதன் விதையையும் சேமிக்கலாகாது.

விதைக்கென நல்ல காய் ஒன்றை ஒதுக்கிப் பத்து நாள் கூடுதலாகப் பழுக்க விடுக. விதைகளைச் சதையுடன் நீரில் ஒரு நாள் ஊறவிட்டுக் கழுவினால் பதர் மிதக்கும். மூழ்கியவற்றை நிழலில் உலர்த்திச் சிறிது சாம்பல் கலந்து டப்பாவில் அடைக்கலாம். இரண்டாண்டு வரை முளைக்கும். கடையில் வாங்கும் ஒட்டு விதைக்கு மட்டும் இது பயன் தராது. அதன் பிள்ளைக் கொடிகள் தாய்க்கொடியைப் போல் அமைவதில்லை.

சிங்கப்பூரில் உறவினரைப் பார்க்கச் செல்வோர் தேக்காவிலிருந்து இவ்விதையைப் பையில் போட்டுக் கொண்டுவர எண்ணலாம். வெளிநாட்டு விதைகளுடன் பயிர் நோய்களும் வந்து சேரும் என்பதனால் மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் நடப்பில் உள்ளது. அனுமதியின்றி எல்லை கடந்து விதை கொண்டுவருதல் குற்றமாகும். நம் ஊர் இந்தியக் காய்கறிக் கடைகளில் இக்காய் கிடைக்கும்போது கீறலில்லாத, நன்கு பழுத்த ஒன்றை வாங்கி, சதையைச் சுவைத்துக் கசப்பில்லை என்று கண்டபின் அதிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். முளைக்காதவையும் இருக்கும் என்பதால் முதல் முறை சற்றுக் கூடுதலாகவே ஊன்றி வைக்கவும்.