விஷம் விற்றவன் பணம் யாருக்கு?

விஷம் விற்றான் ஒருவன். ஊர் மாண்டது. பிடிபட்டான், பணம் கட்டினான். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம்? கஜானாவுக்கா, மாண்டவன் வாழ்ந்த தெருவுக்கா? அமெரிக்க நாடு இந்தக் கேள்விக்கு விடை தேடியது. ஓசூரிலே நாமும் கேட்டாக வேண்டும்.

அங்கே நடந்தது என்ன? 1996இல் ஒரு கம்பெனி, அபினி இனத்தைச் சேர்ந்த 'ஆக்சிகான்டின்' வலி மாத்திரையைச் சந்தையில் இறக்கியது. பழக்கமாகிவிடும் ஆபத்து குறைவு என்று பரப்பியது. முதுகு ஒடிய உழைத்தவன் நம்பி விழுங்கினான். 2021இல் மட்டும் அபினி இனப் போதையால் மாண்டவர் ஏறத்தாழ 80,000 பேர்!

மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. மூன்று பெரிய மருந்து விநியோகக் கம்பெனிகளும் ஜான்சன் அண்டு ஜான்சனும் 2,600 கோடி டாலர் தர 2021இல் இணங்கின. அதில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் போதைக் கொடுமையைத் தணிக்கவே செலவிட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

ஏன் எழுதினார்கள்? பட்ட பாடம்! 1998இல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டன. வந்த பணத்தில் புகைப்பழக்கத்தை ஒழிக்கப் போனது கொஞ்சம், பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போனது மிச்சம். நயாகரா வட்டாரத்தில் கோல்ப் மைதானத்துக்கு நீர் தெளிக்கும் குழாய் போட்டார்கள்! வெந்தது ஏழையின் நுரையீரல். நனைந்தது சீமான்களின் புல்!

அது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்பீர்களா? ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. 2008 மே மாதம் கள்ளச்சாராயம் இந்த எல்லையின் இருபுறமும் 150 பேருக்கு மேல் பலி கொண்டதை மறந்தோமா? இன்று விஷம் மாத்திரை வடிவில் வருகிறது. 'டேபென்டடால்' வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் கொடுமை தமிழ்நாட்டில் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது. இரவு ஷிப்டு முடித்து உடல் வலியோடு வரும் தொழிலாளியை அந்த வலை எட்டாது என்று யார் உறுதி சொல்வது?

நம் நாட்டில் வழியில்லையா? உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதை மருந்துச் சட்டத்தின் 7ஏ பிரிவு தேசிய நிதி ஒன்றை அமைக்கிறது. போதை வியாபாரிகளிடம் பறிமுதலான சொத்தை விற்ற பணம் அதில் சேரும். போதையைத் தடுக்கவும் அடிமையானவரைக் குணப்படுத்தவும் அதைச் செலவிடலாம். சட்டம் டெல்லியில் உறங்க, சாவு ஓசூரில் விழித்திருப்பதா?

ஆகவே கேட்கிறோம். அந்தப் பணத்தில் எல்லை மாவட்டத்துக்குப் பங்கு வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மூச்சைச் சில நிமிடங்களில் மீட்கும் 'நலோக்சோன்' மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 108 வண்டியிலும், ஆலையின் முதலுதவி அறையிலும் இருக்க வேண்டும். அதைக் கையாளத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். வந்த பணம், செலவான பணம் இரண்டுக்கும் கணக்கு மக்கள் முன் வர வேண்டும்.

தோழர்களே, பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிக் கிடப்பவனைத் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். போலீசுக்கு அஞ்சி ஒளிபவனிடம் சொல்லுங்கள்: சிறிதளவு போதைப்பொருளோடு பிடிபட்ட அடிமைகூட, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மருத்துவமனையிலோ சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது அதே சட்டத்தின் 64ஏ பிரிவு.

செத்தபின் வீட்டுக்கு வரும் நிவாரணக் காசோலை ஆறுதல்தான். சாகாமல் காக்கும் மருந்தோ உரிமை. உரிமையைக் கேட்போம்!