சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஓர் இடாப்பு

நேயர்களே, கைதேர்ந்த சத்திரவைத்தியருக்குச் செய்யவேண்டியவற்றை எழுதிய தாள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அறியாமையால் நேரும் பிழைகளுண்டு. நன்கறிந்ததை அவசரத்தில் விட்டுவிடுவதால் நேரும் பிழைகளுமுண்டு. இத்தாள் பின்னவற்றுக்கானது.

உலக சுகாதார தாபனம் 2008இல் வெளியிட்ட இத்தாளில் 19 விடயங்கள் உள. மயக்கமருந்து கொடுக்குமுன், கத்தி தோலைத் தொடுமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மும்முறை அனைவரும் நின்று, அவற்றை வாய்விட்டுச் சரிபார்த்தல் வேண்டும். கிருமியெதிர்ப்பு மருந்து கடந்த 60 நிமிடத்துள் கொடுக்கப்பட்டதா? பஞ்சுத்துணி, ஊசி, கருவி ஆகியவற்றின் எண்ணிக்கை சரியா? வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல, ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறவும் வேண்டும். இதனை வெறுஞ் சடங்கென எண்ணற்க. ஒருமுறை வாய்திறந்த இளந்தாதிக்கு, பின்னர் பெரிய வைத்தியரிடம், “ஐயா, ஒரு துணி குறைகிறது” என்று சொல்வதும் எளிதாகும்.

புதுடில்லி, மணிலா, இலண்டன் முதலிய 8 நகரங்களில் இதனைச் சோதித்தனர். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்ததென 2009இல் அறிவித்தனர். ஆயின், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வு, குறிப்பிடத்தக்க குறைவெதையும் காணவில்லை. கட்டளைக்காக அடையாளமிடுவது வேறு, கேட்டு விடைக்குக் காத்திருப்பது வேறு என்பதே என் கருத்து. மாணவர் முகம் பாராமலே இடாப்புக் குறிக்கும் ஆசிரியரும் உளரன்றோ!

தாளின் முதல் வினா நோயாளியிடமே கேட்கப்படுவது: பெயர் என்ன, எவ்விடத்தில் என்ன சிகிச்சை, சம்மதமா? ஆதலின், திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று சலியாது, உரக்கவே விடை கூறுங்கள்.