பின்சீட் கண்ணாடியை இறக்கினால் காரில் ‘டப்... டப்...’ சத்தம் ஏன்? ஷெட்டுக்கு போகும் முன் இதை பாருங்கள்!

சென்னை-திருச்சி நாற்கர சாலையில் வாடகை கார் போகிறது. ஏ.சி. போட்டால் டீசல் காசு கையை கடிக்கும் என்று பின்சீட் கண்ணாடியை மட்டும் இறக்கி விடுகிறார்கள். வேகம் 70, 80-ஐ தொட்டதும் காருக்குள் ‘டப்... டப்... டப்...’ என்று ஒரே அடி. காது அடைக்கிறது. பின்னால் இருக்கும் குழந்தை வீரிட்டு அழுகிறது.

டயர் போச்சோ, பேரிங் போச்சோ என்று டிரைவருக்கு பயம் வந்துவிடும். ஆனால் இது வண்டி கோளாறு அல்ல. காற்று செய்யும் வேலை.

பாட்டில் கதை தான்

காலி பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று சத்தம் வருமே, அதே கதை தான். இங்கே கார் தான் பாட்டில், ஜன்னல் அதன் வாய்.

கார் ஓடும்போது ஜன்னலின் முன் ஓரத்தில் காற்று சுழல் சுழலாக உருண்டு, பின் ஓரத்தில் போய் மோதுகிறது. இந்த மோதலும், காருக்குள் அடைபட்ட காற்றின் அதிர்வும் ஒரே தாளத்தில் சேர்ந்தால் அடி பலமாகிவிடும். வினாடிக்கு சுமார் 15 முதல் 20 தடவை இப்படி அடிக்கும். காதில் சத்தமாக கேட்பதை விட, செவிப்பறையில் அழுத்தமாகவே தெரியும். 100 டெசிபலை தாண்டுவதும் உண்டு.

முன்சீட் ஜன்னலில் இந்த தொல்லை குறைவு. சைடு மிர்ரரும், அதை ஒட்டிய தூணும் காற்றை ஒதுக்கி விடுவதே காரணம்.

என்ன செய்யலாம்?

* எதிர் பக்கத்து முன்சீட் கண்ணாடியை 2 விரல்கடை இறக்கினால் போதும். காற்றுக்கு இன்னொரு வழி கிடைத்து தாளம் கெட்டுவிடும். சத்தம் அடங்கும்.

* இறக்கிய கண்ணாடியை கொஞ்சம் ஏற்றி பார்க்கலாம். வேகத்தை குறைத்தாலும் பலன் உண்டு.

கூரையை திறந்து ஓட்டும் சொகுசு காரிலும் காற்று தொல்லை உண்டு. எதிரே உள்ள பெரிய கண்ணாடியை தாண்டும் காற்று, சீட்டுக்கு பின்னால் சுருண்டு வந்து பிடரியில் அறையும். இதை தடுக்க மெர்சிடிஸ் நிறுவனம் 1989-ல் வந்த எஸ்.எல். காரில் சீட்டுக்கு பின்னால் வலை தடுப்பு கொடுத்தது. 2010-ல் வந்த இ கிளாஸ் திறந்த காரில், முன்பக்க கண்ணாடிக்கு மேலே சுமார் 6 செ.மீ. எழும் தடுப்பும் வந்தது.

எல்லா கண்ணாடியையும் ஏற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லையா? அப்போது தான் டயரையும், பேரிங்கையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அதை தள்ளிப்போடக்கூடாது.