சிறிய எஞ்சினும் பெரிய வளைவும்

நுழையும்முன்

பந்தய வண்டியின் தோற்றமும் குறைந்த சி.சி. எஞ்சினும் கொண்ட மோட்டார் சைக்கிள்கள் இன்றைய இளைஞர்களைப் பெரிதும் கவர்கின்றன. "எஞ்சின் சிறியதுதானே, புதியவரும் ஓட்டலாம்" என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியா என்பதனை ஒரு மலைச்சாலையைக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

சூரியநெல்லியிலிருந்து போடி வரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் சூரியநெல்லி. உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றாகக் கூறப்படும் கொழுக்குமலைக்கு இவ்வூரிலிருந்தே ஜீப்புகள் புறப்படுகின்றன. கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்குச் செல்லும் வண்டிப்பாதை சூரியநெல்லி வழியாகவே உள்ளது.

தோட்ட வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் ஊர்த் திருவிழாவிற்கும் அவர்கள் பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்குவர். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85இன் ஒரு பகுதி இது. போடிமெட்டிலிருந்து சமவெளியை அடைவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழைக்காலத்தில் சாலை வழுக்கும். மூடுபனி கண்ணை மறைக்கும். ஆனையிறங்கல் அணைப்பகுதியில் காட்டு யானைகள் சாலையைக் கடப்பதும் உண்டு. இத்தகைய பாதையில் புதிதாக வண்டி ஓட்டுபவருக்கு எது துணையாகும், எது இடராகும் என்று அறிவது இன்றியமையாதது.

'சிறியது' என்பதன் பொருள்

சி.சி. என்பது கன சென்டிமீட்டரைக் குறிக்கும். எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும்போது கடக்கும் இடத்தின் கன அளவே அது. ஆனால், வண்டியின் ஆற்றல் கன அளவை மட்டும் பொறுத்ததன்று. எஞ்சின் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதனையும் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நாள்தோறும் பலர் பயன்படுத்தும் ஹீரோ ஸ்பிளெண்டர் வண்டியின் எஞ்சின் 97.2 சி.சி. அளவுடையது, ஏறத்தாழ 8 குதிரைத்திறன் தருவது. 2008ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்15 வண்டியின் இன்றைய வடிவம் 155 சி.சி. எஞ்சினைக் கொண்டு 18 குதிரைத்திறன் அளவில் ஆற்றல் தருகிறது. கன அளவு ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது; ஆற்றலோ இரு மடங்கையும் மிஞ்சுகிறது. கே.டி.எம். ஆர்.சி. 200 ஏறத்தாழ 25 குதிரைத்திறன் உடையது. ஓசூரில் உருவாகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியின் ஆற்றல் 34 குதிரைத்திறனுக்குக் குறையாதது. எனவே, இவற்றைப் பெரிய பந்தய வண்டிகளோடு ஒப்பிட்டால் மட்டுமே 'சிறியவை' எனலாம். மிதிவண்டியிலிருந்து இறங்கி வருபவருக்கு இவை சிறியவை அல்ல.

நன்மைகள்

இவ்வகை வண்டிகளில் புதியவருக்கு உதவுவன பல உள்ளன. எடை குறைவு, ஆர்15 ஏறத்தாழ 140 கிலோகிராம்தான். டயர்களின் பிடிப்பும் வண்டியின் சட்டகமும் வளைவுகளில் உறுதி தருகின்றன. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசக்கர வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காக்கிறது. பெரிய எஞ்சின் கொண்ட வண்டியில் கைப்பிடியைச் சற்றே கூடுதலாகத் திருகினாலும் வண்டி பாய்ந்துவிடும். சிறிய எஞ்சின் அத்தகைய பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

இடர்கள்

ஆயினும், இவ்வண்டிகளின் அமைப்பு பந்தயத் தடத்தை முன்மாதிரியாகக் கொண்டது. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் எதிரே பேருந்து வருவதில்லை; தடத்தில் கல்லோ சாணமோ கிடப்பதில்லை. போடிமெட்டுச் சாலை அத்தகையதன்று.

கைப்பிடி தாழ்ந்தும் கால்தாங்கி பின்தள்ளியும் இருப்பதால் ஓட்டுபவர் முன்னோக்கிக் குனிந்து அமர்கிறார். இறக்கத்தில் உடலின் எடை மேலும் முன்னே சரிந்து மணிக்கட்டுகளில் இறங்குகிறது. வலியெடுத்த கை பிரேக்கை மென்மையாக அழுத்தாது. கைப்பிடி திரும்பும் அளவும் குறைவாதலால், கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்புவது கடினமாகிறது. இருக்கை உயரமானது, சரிவில் கால் ஊன்ற இயலாமல் வண்டி சாயக்கூடும். பின்னிருக்கையோ குறுகியது. கையில் பையுடன் அம்மா அமர்ந்தால், அவருக்குப் பிடிமானம் இராது. ஓட்டுபவருக்கும் சமநிலை மாறும்.

ஏ.பி.எஸ். அனைத்தையும் காக்கும் என்று எண்ணுவதும் தவறு. நேராகச் செல்லும் வண்டிக்கே அது முழுப் பயன் தரும். ஈரமான வளைவில், சாய்ந்த நிலையில் பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கக்கூடும். ஆகவே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிக்கொள்வதே முறை. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

வேகமும் தொலைவும்

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கும். யானையைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு நொடி ஆவதாகக் கொள்வோம். அதற்குள் 10 மீட்டர் கடந்துவிடும். பிரேக் நன்கு பிடித்தால் மேலும் ஏறத்தாழ 10 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 20 மீட்டர். வேகம் 72 கி.மீ. ஆனால், முதல் நொடியில் 20 மீட்டரும் பிரேக் பிடித்தபின் 40 மீட்டரும் ஆக, 60 மீட்டர் தேவை. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகிறது. மூடுபனியில் 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோது இக்கணக்கு உயிரின் கணக்காகிவிடும்.

சட்டமும் படிநிலையும்

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று படிகளாக உள்ளது. முதலில் 200 சி.சி. வரை; ஓராண்டேனும் கழிந்தபின் தேர்வெழுதி 400 சி.சி. வரை, மேலும் ஓராண்டிற்குப் பின் அதற்கு மேற்பட்டவை. இந்தியாவில் அவ்வாறு இல்லை. கியர் வண்டிக்கான உரிமம் பெற்ற மறுநாளே எந்த அளவு வண்டியையும் ஓட்டலாம். சட்டம் அமைக்காத படிகளை ஓட்டுபவரே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

வயது குறித்துச் சட்டம் தெளிவாக உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் இவ்வண்டிகளைச் சாலையில் ஓட்டக் கூடாது. மீறினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறுவர் 25 வயதுவரை உரிமம் பெற இயலாது. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஈட்டும் குடும்பத்திற்கு ஒருநாள் ஆசையின் விலை இவ்வளவு!

முடிவு

குறைந்த சி.சி. பந்தய வகை வண்டி புதியவருக்கு முற்றிலும் ஒவ்வாதது அன்று. ஆனால் முதல் வண்டியாக அமையத் தக்கதும் அன்று. நிமிர்ந்து அமரும் எளிய வண்டியில் கிளட்ச், கியர், பிரேக் ஆகியவை கைக்குப் பழக வேண்டும். பிறகு சமவெளியிலும், அதன்பின் பகலில் மலையிலும் ஓட்டிப் பழகியவர் இவ்வண்டிக்கு மாறலாம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் கட்டாயம். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. 17 வளைவுகளையும் கடந்து வீடு சேர்பவரே சிறந்த ஓட்டுநர். முதலில் சேர்பவர் அல்லர்.

சொற்பொருள்

இன்றியமையாதது – தவிர்க்க முடியாதது
ஒவ்வாதது – பொருந்தாதது
இடர் – துன்பம், ஆபத்து
ஈட்டும் – சம்பாதிக்கும்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சி.சி. என்பது எதனைக் குறிக்கும்?
2. இறக்கத்தில் மணிக்கட்டு வலிப்பது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
1. அவ்வெண்ணம் 2. இவ்வூர்

இ. கணக்கிடுக.
மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் எத்தனை மீட்டர் கடக்கும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் அண்ணன் முதல் சம்பளத்தில் பந்தய வகை வண்டி வாங்க விரும்புகிறார். அவருக்கு அறிவுரை கூறி ஒரு கடிதம் எழுதுக.