வைத்தியரும் டெலிபோன் பதிவும்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லலாகாது என்பது நம் ஜனங்களிடை வழங்கிவரும் வார்த்தை. பெற்ற தாயிடமும் கூறாததை நோயாளி வைத்தியரிடம் கூறுகிறான். கூறியது அவ்வறையைத் தாண்டாது என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம். இன்றோ அந்த ஆலோசனை டெலிபோன் வழியேயும் நடக்கிறது. தாம் அறியாமலே தம் பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று நோயாளிகள் முறையிடுவார்களாயின், அதை அற்ப விஷயமென்று தள்ளிவிட முடியாது.

இந்திய சர்க்கார் 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தொலைவழி வைத்தியத்திற்கு நெறிமுறைகளை வெளியிட்டனர். நோயாளி தானே அழைத்தால் அவனுடைய சம்மதம் அதில் அடங்கியதாகவே கொள்ளப்படும் என்பது அவற்றுள் ஒன்று. அழைப்பின் விவரத்தையும் மருந்துச் சீட்டையும் வைத்தியர் பாதுகாத்து வரவேண்டும் என்பது மற்றொன்று. இவை நியாயமே. ஆனால் ஆலோசனைக்கு அளித்த சம்மதம் குரலைப் பதிவதற்கு அளித்த சம்மதம் ஆகாது என்பதே நமது அபிப்பிராயம். அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். 2023-ல் இயற்றப்பெற்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் முன்னறிவிப்பு, சம்மதம் என்னும் இரண்டையுமே பிரதானமாகக் கொண்டது.

வைத்தியர் பக்கத்து நியாயத்தை நாம் மறைக்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. சொல்லாததைச் சொன்னதாக வழக்கு வந்தால் அவருக்குச் சாட்சி வேண்டாமா? வேண்டியதுதான். ஆயினும் அச்சாட்சியை மறைவில் சேர்ப்பானேன்? 'இப்பேச்சைப் பதிகிறேன், சம்மதமா?' என்று கேட்க ஒரு நிமிஷமும் ஆகாது.

கேளாமற் பதிவதால் விளையும் கேடோ பெரிது. க்ஷயரோகி தன் இருமலை மறைப்பான். குடிப்பழக்கமுள்ளவன் அளவைக் குறைத்துச் சொல்வான். கணவனிடம் அடிபட்ட பெண் தவறி விழுந்தேன் என்பாள். பொய்யைக் கேட்டுக் கொடுக்கும் மருந்து நோயைத் தீர்க்குமா?

ஆகவே நாம் கோருவது இது: பதிவதாயின் முன்னரே அறிவிக்க வேண்டும். மறுப்பவனுக்கு வைத்தியத்தை மறுக்கலாகாது. பதிவு யாரிடம், எத்தனை காலம் இருக்கும் என்று சொல்ல வேண்டும். வைத்தியக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்று 2002-ம் வருஷத்து வைத்திய ஒழுக்க விதிகள் கூறுகின்றன. குரற்பதிவுக்கும் அவ்விதியே பொருந்தட்டும். வைத்தியர் பேச்சை மறைவாகப் பதியும் நோயாளிக்கும் இதே நியாயத்தையே கூறுவோம்.

சர்க்காரும் வைத்திய சங்கங்களும் காலந்தாழ்த்தாது இதனைத் தெளிவான விதியாக்க வேண்டும். நோயாளி வாய்திறக்க அஞ்சும் நாட்டில் எத்தனை ஆஸ்பத்திரிகள் கட்டியும் பயன் இல்லை.