மூக்கில் ஒரு கீமேன்

2022 ஜனவரியில் இங்கே நாக்பூரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. கடைத்தெருவிலிருந்து அதைக் கொண்டுவந்தவன் நான்தான். நான், மனைவி, 86 வயது அம்மா மூவரும் இரண்டு ஊசி போட்டிருந்தோம். பத்து நாள் இருமிவிட்டு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு ஊசி போட்டும் வந்துடுச்சே, பின்னே எதுக்குங்க அது?" என்றாள் மனைவி. "அடுத்த வாரம் போட்டுக்கிறேன்" என்று தள்ளிப்போட்ட என் அண்ணனை 2021 ஏப்ரலில் ஒன்பதே நாளில் இழந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை. டிப்ளமாக்காரனுக்கு வைத்தியம் என்ன தெரியும் என்று அன்பர்கள் சிரிக்கலாம். ஓய்வு பெற்றவனுக்குப் படிக்க நேரம் இருக்கிறதே!

கையில் போடும் ஊசி, ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் உண்டாக்குகிறது. வைரஸ் நுழைவதோ மூக்கு வழியாக. அங்குள்ள ஈரச் சவ்வுக்கு ஆன்டிபாடி குறைவாகவே வந்து சேர்கிறது; சில மாதங்களில் அதுவும் தேய்கிறது. போதாததற்கு ஒமைக்ரான் தன் முள் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்தது. ஆகவே தொற்றிக்கொண்டது.

பிறகு கைகொடுப்பது டி செல். செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை ஆன்டிபாடி தொட முடியாது. ஆனால் அந்தச் செல், உள்ளே தயாராகும் வைரஸ் புரதத்தின் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். டி செல் அதைக் கண்டு அந்தச் செல்லையே அழித்துவிடும். துணுக்குகள் பல என்பதால், வைரஸ் சில இடங்களில் வேஷம் மாற்றினாலும் பெரும்பாலும் பிடிபடும். ஞாபகசக்தியும் அதிகம். 2003-ல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 ஆண்டு கழித்தும் அந்த வைரஸை அறிந்த டி செல்கள் இருந்ததை 2020-ல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

இடார்சி செக்‌ஷனில் தண்டவாளம் பார்த்தவன் நான். எனக்கு என் பாஷையில்தான் புரியும். ரத்தத்தில் சுற்றும் டி செல் விபத்து நிவாரண ரயில் மாதிரி. தகவல் கிடைத்து, புறப்பட்டு, வந்து சேர நேரமாகும். கீமேன் அப்படியல்ல. தினமும் காலையில் தன் பீட் முழுக்க நடந்து, கழன்ற கீயை அடித்து இறுக்குவார். விரிசல் கண்டால் அங்கேயே சிவப்புக் கொடி. மூக்குச் சவ்விலும் நுரையீரலிலும் இப்படியே குடியிருக்கும் டி செல்கள் உண்டு. கை ஊசி அவற்றை அங்கே அதிகம் அமர்த்துவதில்லை. மூக்கில் மருந்து விட்டால் அமர்த்தலாம், சவ்விலேயே ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடியும் சுரக்கும் என்பதே நாசி மருந்தின் கணக்கு.

பன்றிக் காய்ச்சலுக்கு 2010-லேயே நம் நாட்டில் நாசோவாக் வந்தது. கொரோனாவுக்கு பாரத் பயோடெக்கின் இன்கோவாக் 2023 ஜனவரி 26-ல் வெளியானது: துளைக்கு நாலு சொட்டு, 28 நாள் இடைவெளியில் இரு தவணை. அதற்குள் அலை அடங்கிவிட்டது.

கணக்கு சரிதான், களத்தில்தான் சிக்கல். தூசியைத் தள்ளுவது மூக்கின் வேலை, மருந்தையும் தள்ளிவிடுகிறது. ஆக்ஸ்போர்டில் ஊசி மருந்தையே மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். சவ்வில் கிடைத்த எதிர்ப்பு சொற்பமே என்று 2022-ல் அறிவித்தார்கள். நுரையீரலில் குடியிருக்கும் டி செல்கள் சில மாதங்களில் குறைந்துபோவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கீமேனைப் போட்டால் மட்டும் போதாது, இருக்கவும் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "அப்ப அம்மா பிழைச்சது ஊசியாலதான்னு சொல்றீங்க" என்றாள். பெரும்பங்கு அதற்குத்தான் என்றேன். அண்ணன் படத்தைப் பார்த்தபடி பேசாமல் உள்ளே போனாள்.

போன மாதம் அம்மாவை ஃப்ளூ ஊசிக்கு அழைத்துப்போனேன். "மூக்குல விடறதுன்னு சொன்னியே, அது எங்கேடா?" என்று நர்ஸ் முன்னாலேயே கேட்டார்.